கிட்ட வந்து சொல்லுங்க

மறுபடியும் அந்தச் சங்கு. சாத்தையா பேசிக்கொண்டிருக்கும்போதே மதுரையில் ஏதோ ஒரு மில்லில் சங்கு ஊதிவிட்டார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் ஏதோ ஒரு மத்தியானம், ஷிஃப்ட் மாறுகிற நேரமாக இருக்கும், ஊதியவனுக்கு என்ன தெரியும், பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையை ஒரு டேப் ரிக்கார்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று. ஊதிவிட்டான். அந்த ஊதல் என் ஹெட்போனுக்குள் மஞ்சள் நிறத்தில் பரவுகிறது, சத்தத்துக்கு நிறம் உண்டா என்று யாரும் கேட்டால் உண்டு என்றுதான் சொல்வேன், காது குறையக் குறைய ஒவ்வொரு சத்தமும் வேறு ஏதோவாக மாறுகிறது. பின்னால் தள்ளி மறுபடி கேட்கிறேன். "தங்கச்சிக்குக் காச்சலு. வள்ளிக்கண்ணுன்னு பேரு. சின்னப் பிள்ள. அய்யா தோள்ல போட்டுக்கிட்டுதேன் வந்தாக. மலையில ஏற முடியல. அங்கிட்டு ஒரு கு—ல விட்டுட்டு வந்தோம்." அந்த ஒரு சொல். குளியிலயா, குடியிலயா. சிவகங்கைக்காரர், ழகரம் அவர் வாயில் ளகரமாகத்தான் வரும், ஆகவே 'குளியில' என்றால் குழியில், அப்படியானால் அந்தப் பெண் செத்துப்போய் மலையில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். 'குடியில' என்றால் யாரோ மலைக்காரர்கள் வீட்டில், அவர்கள் குடிசையில், உயிரோடு. நடுவில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. எனக்குக் கு கேட்கிறது, இ கேட்கிறது, நடுவில் இருக்க வேண்டியது கேட்கவில்லை. டாக்டர் சொன்னது இதைத்தான். "உயிரெழுத்தெல்லாம் நல்லாக் கேக்கும் மேடம், மெய்யெழுத்துதான் முதல்ல போகும்." சொல்லிவிட்டு அவரே ரசித்துக்கொண்டார், தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்போல.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெய்புன்னிசா ஒரு ஸ்பூலை மென்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஆவணக் காப்பகத்தின் ஒலிப்பிரிவு என்பது மாடியில் இந்த இரண்டு அறைகள்தான். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து, ஓட்டி, கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அவற்றைக் கேட்டு, எழுதி, புத்தகமாக்குவது என் வேலை, கல்லூரியில் ஒரு வருஷம் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த மாநிலத்தின் கதையை அதன் ஜனங்கள் தங்கள் வாயாலேயே சொல்கிற புத்தகம். பதிப்பகத்தார் நாளைக் காலை அச்சுக்கு அனுப்பப்போகிறார்கள். கைப்பிரதியில் சாத்தையாவின் பக்கத்தில் நான் 'குழியில்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அது சரியென்று தெரிந்து எழுதவில்லை, கதை அப்படித்தான் போகும் என்று தோன்றியதால் எழுதினேன். யுத்த காலத்துப் பர்மா நடையில் எத்தனை ஆயிரம் பேர் வழியில் செத்தார்கள், ஒரு காய்ச்சல்காரக் குழந்தை மட்டும் எப்படிப் பிழைத்திருக்கும். ஆனால் தோன்றுவதை எழுதுவதா வரலாறு? உயிரோடு இருந்த ஒருத்தியை நான் புதைத்துவிட்டால்? அல்லது செத்தவளைப் பிழைக்கவைத்துவிட்டால், அது இன்னும் மோசமா, இல்லை, அதில் என்ன மோசம். சாத்தையாவின் தெருவைத் தேடிப் போய்ப் பார்த்தேன், இப்போது அங்கே மேம்பாலம். கேட்க ஆளில்லை. ஜெய்புன்னைக் கூப்பிட்டு, இந்த இடத்தைக் கொஞ்சம் கேளும்மா என்றால் ஒரு நிமிஷ வேலை. கூப்பிட்டால் தெரிந்துவிடும். ஒரு வருஷமாக ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிற பேராசிரியைக்குக் காது கேட்காது என்பது.

வேதமாணிக்கம் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அவர்தான் இதையெல்லாம் பதிவு செய்தவர். ஏதோ ஒரு துறையில் செய்தி சேகரிக்கிற சாதாரண அதிகாரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாட்டரியில் ஓடுகிற கனமான டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போயிருக்கிறார். அவரைப்பற்றி வேறொன்றும் தெரியாது, ஒரு புகைப்படம்கூட இல்லை. குரல் மட்டும். அந்தக் குரலோடு நான் ஒரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன் என்று அறவாழியிடம் சொன்னபோது, என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்கூட இருபத்தஞ்சு வருஷமா நடத்துற, ஒண்ணும் காதுல விழுந்த மாதிரித் தெரியலையே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். வேதமாணிக்கம் அதிகம் கேள்வி கேட்கிறவரல்ல. "நீங்க கண்ணால பாத்தது, காதால கேட்டது, அது போதும்" என்பார். பிறகு காத்திருப்பார். அந்தக் காத்திருத்தலை என்னவென்று சொல்வது! காக்கை கத்தும், உரலில் எதையோ இடிப்பார்கள், யாரோ ஒரு குழந்தை அழுது ஓயும், இவர் இருமக்கூட மாட்டார். எதிரே இருப்பவர் தயங்கித் தயங்கி மறுபடி தொடங்குவார். அவர் சொன்னதும் இவர் அதைத் திருப்பிச் சொல்வார். "ரயிலடியில பஞ்சு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தீங்க. சரி." "மாட்டை அவுத்து விட்டுட்டு நீங்க தண்ணிக்குள்ள எறங்கிட்டீங்க. சரி." ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லுவார், அவசரமே இல்லாமல், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குச் சிந்தாமல் ஊற்றுவதுபோல. சொன்னவர் சரியென்பார், அல்லது இல்லையில்லை என்று திருத்துவார், திருத்தும்போது இன்னும் நாலு விஷயம் வந்து விழும். நேர்காணல் எப்படிச் செய்வது என்று நான் மாணவிகளுக்கு நடத்திய வகுப்புகளெல்லாம் இந்த ஒருத்தருக்கு முன்னால் எங்கே நிற்கும். இவ்வளவு கவனமாக ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைக் கேட்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் சாத்தையா அந்தச் சொல்லைச் சொன்ன இடத்தில் மட்டும், அவர் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், சங்கு. சங்கு ஓய்கிறபோது நாடா முடிந்துவிடுகிறது, சளசளவென்று ஒரு சத்தம், அதன் பிறகு ஒன்றும் இல்லை.

கொஞ்சம் ஒலியைக் கூட்டுகிறேன். இன்னும் கொஞ்சம். சங்கு பெரிதாகிறதே தவிர சொல் பெரிதாகவில்லை. ஜெய்புன் கண்ணாடியில் தட்டுகிறாள், வாயசைக்கிறாள், நான் தலையாட்டுகிறேன். இந்தத் தலையாட்டல் எனக்கு இப்போது மூச்சுவிடுவதைப்போலப் பழகிவிட்டது. எதற்கு ஆட்டினேன்? டீ வேண்டுமா என்று கேட்டிருப்பாள். இல்லை, ஜன்னலைச் சாத்தட்டுமா என்றிருக்கும். அவள் போய் ஜன்னலையும் சாத்தவில்லை, டீயும் கொண்டுவரவில்லை, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். என்னவோ தப்பு. எங்கோ ஒரு தப்பு நடந்துவிட்டது. வகுப்பில் நடந்ததைப்போல. அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே அது வந்து நிற்கிறது. இரண்டாம் வருஷப் பிள்ளைகள், பாளையக்காரர் காலம் நடத்திக்கொண்டிருந்தேன், பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "வரி தாங்க முடியாம ஜனங்க ஊரை விட்டே போனாங்களா மேடம்?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு விழுந்தது வலி. வலி தாங்க முடியாமல். நான் காலராவைப்பற்றிச் சொன்னேன், அம்மையைப்பற்றிச் சொன்னேன், அந்தக் காலத்தில் பிரசவத்தில் எத்தனை பெண்கள் போனார்கள் என்று உருக்கமாகச் சொன்னேன், என் குரல்கூடத் தழுதழுத்தது. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஆகா எவ்வளவு ஆழ்ந்து கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன் பெஞ்சுப் பெண் மெதுவாக நோட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். வரி என்று எழுதியிருந்தாள். பெரிய எழுத்தில். அந்த நல்ல மனசை நான் மன்னிக்கவே இல்லை. அடுத்த மாதமே விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன். ஆராய்ச்சிக்காக என்று எழுதினேன், அதுவும் பொய்யல்ல.

டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது காது போய்க்கொண்டிருக்கிறது, நரம்பு தேய்கிறது, தேய்ந்தது திரும்ப வராது, மிஷின் வைத்துக்கொண்டால் இருப்பதை வைத்து ஓட்டலாம். "எவ்வளவு சீக்கிரம் வெக்கிறீங்களோ அவ்வளவு நல்லது." வைக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மிஷின் வைத்தால் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் இந்த நாடாக்களை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். வேறு யாராவது என்றால் நன்றாகக் கேட்கிறவர்கள், ஆனால் ஆறுக்குட்டியை அவர்கள் என்னைப்போலக் கேட்பார்களா? பொள்ளாச்சிப் பக்கத்துத் தபால்காரர். மாநிலத்துக்குப் பேர் மாறிய கதையைச் சொல்கிறார். "பேரு மாத்திப் போட்டாங்க, நல்லதுங்க, நம்ம பேரு நமக்கு வந்துருச்சுங்க. ஆனா பாருங்க, பட்டாளத்துப் பையங்க எல்லாம் பழைய பேரையே எழுதிப்போட்டுட்டு இருந்தானுங்க. நான் பென்சில்ல அடிச்சு, புதுப் பேரை எழுதி, அப்புறந்தானுங்க கொண்டுபோய்க் கொடுப்பேன். யாரும் சொல்லலீங்க. எனக்கு ஒரு ஆசைங்க." பென்சிலால் ஒரு மாநிலத்துக்குப் பேர் எழுதியவர். சட்டசபையில் கைதட்டியதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், வெயிலில் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு பென்சிலைத் தேடிய இந்த மனுஷனை யார் எழுதினார்கள்? வேதமாணிக்கம் அதைத் திருப்பிச் சொல்கிறார், "யாரும் சொல்லல, ஒங்களுக்கா ஒரு ஆச." அப்போது ஆறுக்குட்டி வெட்கப்பட்டுச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது, கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறேனா. திருத்தணிப் பக்கத்து ரங்கநாயகம்மா அப்படியல்ல, அவள் குரல் தகரத்தில் கல் விழுவதுபோல, எனக்குத் தெளிவாக விழுகிற குரல் அது ஒன்றுதான். எல்லை மாறியபோது அவளுடைய புல்வெளி ஆந்திரத்தில் நின்றுவிட்டது, வீடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. "எருமைக்குத் தெரியுமாய்யா மாநிலம்? அது அந்தாண்ட மேஞ்சுட்டு இந்தாண்ட பால் குடுக்கும். போலீஸ்காரன் கேட்டான், இது எந்த ஊரு எருமைன்னு. வாய் ஒரு ஊரு, மடி ஒரு ஊருன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்." இதைக் கேட்டபோதெல்லாம் நான் இந்த அறையில் தனியாகச் சிரித்திருக்கிறேன். இவர்களையெல்லாம் விட்டுவிட்டுப் போ என்றால் எங்கே போவேன். மறுபடியும் சாத்தையா. அங்கிட்டு ஒரு கு—ல. சங்கு.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜெய்புன் தன் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை என் தட்டில் வைத்தாள். அவள் என் இடது பக்கம் வரும்படி நாற்காலியை நானே போட்டுக்கொண்டேன், அது என் தந்திரம். "மேடம், காலையில கேட்டேனே, கடைசி ஸ்பூல் ரெடி பண்ணிட்டேன், கேக்குறீங்களா இல்ல புத்தகம் முடிஞ்சுபோச்சுன்னு விட்டுரலாமான்னு. தலையாட்டுனீங்க. எதுக்கு ஆட்டுனீங்கன்னு தெரியல."  "ரெண்டுக்கும் சேத்து ஆட்டினேன்" என்றேன். அவள் சிரித்தாள். நல்ல பெண், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், மாமியாரோடு சண்டை, அதையெல்லாம் சொல்லுவாள், நான் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வேன். "கேக்குறேன்மா" என்றேன். "நேத்துதான் பூஞ்சையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணினேன். ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு அம்மா. கன்னியம்மான்னு பேரு. செம ஜாலியா பேசுறாங்க மேடம். கேளுங்க." கையைக் கழுவிக்கொண்டு வரும்போது இதற்கு இனி இடமில்லையே, அச்சுக்குப் போய்விடுமே என்று நினைத்தேன். வேதமாணிக்கத்தின் குரலைப் புதிதாகக் கேட்க இனி இந்த ஒன்றுதான் மிச்சம் என்பதும் கூடவே வந்தது. கேட்டு முடித்துவிட்டால் அவர் முடிந்துபோவார். ஹெட்போனை மாட்டிக்கொள்ளும்போது, ஊருக்குப் போகிறவரை ரயிலேற்றப் போவதுபோல இருந்தது.

முதலில் நாய் குரைக்கிறது. பிறகு அவர், "பேரு சொல்லுங்கம்மா." பிறகு அவள். கனத்த, புகையிலை போட்ட குரல். முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டதைச் சொல்கிறாள். அவளை வரிசையில் நிற்கவைத்திருக்கிறார்கள், மேஜையில் இருந்தவன் பேரைக் கேட்டிருக்கிறான், அவள் இன்னாருடைய பெண்சாதி என்று சொல்லியிருக்கிறாள், அது போதாது, உன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறான். "எம் பேரை யாரும் கேட்டதே இல்ல. வூட்ல ஏய்னுவாங்க, தே இவளேன்னுவாங்க. பத்து ஆம்பள நிக்கறான் பின்னால. நான் எம் பேரை எப்பிடி சத்தமா சொல்றது? வெக்கமா பூட்ச்சு. அப்பால சொன்னேன். கன்னியம்மான்னு கத்தனேன். அந்த ஆளு பயந்துட்டான்." வேதமாணிக்கம் சொல்கிறார், "பேரைச் சத்தமா சொன்னீங்க. என்ன பேரு சொன்னீங்க?" அவள் சொல்கிறாள். அவர் மறுபடியும், "என்ன பேரு?" நாய் குரைக்கிறது. அவள் இன்னும் ஒருதரம் சொல்கிறாள். பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு அவள் பட்டென்று, "யோவ் சாரே, உனுக்குக் காது கேக்காதா இன்னா? எத்தினி வாட்டி கத்துவேன் நானு?"

என் கை தானாக நாடாவை நிறுத்தப் போயிற்று. நிறுத்தவில்லை. அவர் சிரிக்கிறார். இந்த ஒரு வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை, வாய்விட்டுச் சிரிக்கிறார், சிரிப்பு முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார். "ஆமா தாயி. எனக்குக் காது மந்தம். சின்னப் பிள்ளையில இருந்தே. அதுக்குத்தான் நீங்க சொல்லுததைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிடுதேன், தப்பா எழுதிறக் கூடாதுல்லா. இந்த மிஷினு இருக்கதால ரூம்ல போய் சத்தமா வச்சுக் கேட்டுக்கிடுவேன். கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுங்க."  பலகையோ முக்காலியோ தரையில் இழுபடுகிற சத்தம். அப்புறம் அவள் குரல் திடீரென்று பெரிதாகி, என் இடது காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதுபோல, "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கேளு. எம் பேரு கன்னியம்மா."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கழற்றினால் அறை முழுக்க ஒரு பஞ்சு நிரம்பிவிடும், எப்போதும் அந்தப் பஞ்சைக் கண்டு பயப்படுவேன், இப்போது அது வெறும் பஞ்சாக இருந்தது. காது மந்தம். சின்னப் பிள்ளையிலிருந்தே. ஆக நான் ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வியந்த அந்த முறை, அந்தத் திருப்பிச் சொல்லுதல், அந்தக் காத்திருத்தல், இருமல்கூட இல்லாத அந்தப் பொறுமை, அதெல்லாம் கேட்காத ஒருவர் கேட்பதற்காகச் செய்த பாடு. அவர் காத்திருந்தது உதட்டைப் பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்த்துக்கொண்டு. தன்னை இப்படி ஒரு மனுஷன் முகத்தோடு முகம் பார்த்துக் கேட்கிறான் என்று தெரிந்தால் யார்தான் சொல்ல மாட்டார்கள். இதனால் என் வியப்பு குறைந்ததா என்று தடவிப் பார்த்தேன், நாக்கால் பல்லைத் தடவுவதுபோல. குறையவில்லை. பல மடங்காகிவிட்டது. அவர் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டியதை நினைத்தேன், தெரியாத ஊரில் தெரியாத ஜனங்களிடம், கொங்கு நாட்டுப் பேச்சு, ஆர்க்காட்டுப் பேச்சு, பாதித் தெலுங்கு கலந்த பேச்சு, நல்ல காதுக்கே பிடிபடாத பேச்சு. கேட்காத காதோடு இந்த வேலைக்கு யாராவது போவார்களா? போயிருக்கிறார். கேலி செய்திருப்பார்கள், செவிட்டு ஆபீசர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பார்கள், அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணில் நீரும் வந்தது. ஒரு மாநிலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியை இழுத்துப்போட்டு இந்த மனுஷனுக்குக் கிட்ட வந்திருக்கிறது. சாத்தையா, ஆறுக்குட்டி, எருமைக்காரி, எல்லாரும். எல்லா நாடாவிலும் அவர்கள் குரல் ஏன் அவ்வளவு பக்கத்தில், ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் மைக்கைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்குக் கேட்காது, பக்கத்தில் வாருங்கள் என்று. நான் சொல்லவில்லை. நான் தந்திரமாக நாற்காலியை மாற்றிப் போட்டேன், தலையாட்டினேன், ஊகித்தேன், குழியில் என்று எழுதினேன்.

எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ஜெய்புன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். என்னவோ சொன்னாள், திரும்பாமலே, அது எனக்கு வெறும் முணுமுணுப்பாக வந்தது. வழக்கமான ம் தொண்டைவரை வந்துவிட்டது. "ஜெய்புன்" என்றேன், "நீ சொன்னது எனக்கு விழல. எனக்குக் காது கேக்கறதில்லம்மா. வலது சுத்தமாப் போச்சு, இடதும் போய்க்கிட்டிருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு." கொஞ்சம் அதிகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கீழே படியில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். ஜெய்புன் திரும்பினாள். மூடி அவள் கையிலேயே இருந்தது. அவள் முகத்தில் இரக்கம் வரும், அதைத்தான் தாங்க முடியாது என்று நினைத்திருந்தேன், வந்தது இரக்கமல்ல, கோபம் மாதிரி ஒன்று. "தெரியும் மேடம்" என்றாள். "ஹெட்போன்ல நீங்க வெக்கிற சத்தம் வராண்டா வரைக்கும் கேக்குது. உங்க ஃபைல் எல்லாத்தையும் நான் தனியா ஒலி கூட்டிதான் ஏத்துறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்." "எப்போலேருந்து?" "வந்த மொத வாரத்துலேருந்து."  இந்த வருஷம் முழுக்க நான் நடித்த நடிப்புக்கு ஒரே ஒரு ஆள் பார்வையாளராக இருந்து, டிக்கெட் கேட்காமல், எழுந்தும் போகாமல் இருந்திருக்கிறாள். அவமானமாக இருக்க வேண்டும். வெயிலில் நின்றுவிட்டு வந்து செருப்பைக் கழற்றியதுபோல இருந்தது.

"ஒரு இடம் கேக்கணும்" என்றேன். "சாத்தையா டேப். கடைசியில. சங்கு ஊதுற இடம்." அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், மறுபடி கேட்டாள், எதையோ திருகிச் சங்கைக் குறைத்து இன்னொரு தடவை கேட்டாள். அந்த நேரத்தில் வள்ளிக்கண்ணு மலைப்பாதையில் அய்யா தோளில் கிடந்தாள். காய்ச்சலில் அனலாக. அய்யா நின்று மூச்சு வாங்குகிறார், பின்னால் வருகிறவர்கள் நிற்காதே போ போ என்கிறார்கள், இருட்டுக் காடு, அட்டை, சேறு, யாரோ கைவிட்ட தகரப்பெட்டி. குழியா. அய்யா கையாலேயே தோண்டியிருப்பாரா. ஜெய்புன் வாயைத் திறந்தாள், நான் அவள் உதட்டையே பார்த்தேன்.

"குடியில மேடம். 'அங்கிட்டு ஒரு குடியில விட்டுட்டு வந்தோம்'ங்கிறாரு. நல்லாத் தெளிவா இருக்கு, டகரம்தான்." இன்னும் கேட்டாள். புருவம் சுருங்கியது. "சங்குக்கு அடியில சார் பேசுறாரு. 'மலைக்காரங்க குடியில விட்டுட்டு வந்தீங்க, சரி'ன்னு. அப்புறம்..." பின்னால் தள்ளினாள். நான் இன்னும் பக்கத்தில் குனிந்தேன். "அப்புறம் 'இருக்காளா?'ன்னு கேக்குறாரு. இவரு, 'இருக்கா, இருக்கா'ங்கிறாரு மேடம். ரெண்டு தடவ சொல்றாரு. 'அங்ஙனயே வாக்கப்பட்டு, பிள்ள குட்டி பெத்து, இருக்கா'. அத்தோட டேப் முடிஞ்சிருச்சு."

இருக்கா, இருக்கா. நான் அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். அந்த மலையில், எந்த மலையோ, என்ன மொழி பேசுகிற வீடோ, காய்ச்சல் பிள்ளையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்ட ஒருத்தி இருந்திருக்கிறாள், அவள் பேர் எந்த நாடாவிலும் இல்லை. எனக்கு அவளையும் பார்க்கவேண்டும்போல இருந்தது. எத்தனை பேரை வியப்பது ஒரு நாளில். கைப்பிரதியை எடுத்தேன். 'குழியில்' என்பதை அடித்துவிட்டு 'குடியில்' என்று எழுதினேன், அதற்குக் கீழே அவர்கள் பேசியதை அப்படியே எழுதினேன், ஜெய்புன் சொல்லச் சொல்ல. முன்னுரையின் கடைசியில் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். இந்தக் குரல்களைப் பதிவு செய்தவருக்குக் காது மந்தம். எழுதியவளுக்கும் அப்படியே, ஆகவே கேட்டுச் சரிபார்த்தவர் ஜெய்புன்னிசா. அதைப் படித்துவிட்டு அவள், "இதெல்லாம் போடணுமா மேடம்?" என்றாள். "போடணும்" என்றேன். "இல்ல, உங்களைப்பத்தி..." "அதுதான் போடணும்." அவள் தன் பேரை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு அறையைப் பூட்டினோம். டாக்டரிடம் எப்போது போகப்போகிறீர்கள் என்று கேட்டாள், நாளைக்கு என்றேன், கூட யார் வருகிறார்கள் என்றாள், அறவாழியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இன்றைக்கே அவரிடம் சொல்லப்போகிறேன் என்றேன், சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. வெளியே மழை வரும்போல் இருந்தது, வராண்டாவில் ஈர மண் வாசனை. படியிறங்கத் தொடங்கியதும் ஜெய்புன் சட்டென்று நின்று கேட்டாள்.

"நான் எந்தப் பக்கம் வரட்டும் மேடம்?"

"இடது பக்கம்."

அவள் எனக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றாள். கையிலிருந்த பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு இருவரும் இறங்கினோம், அவள் மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.